டிஸ்கஸ் மீன் வளர்ப்பதற்குப் புதியவன் நான், பிஜியன் பிளட் வகையை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். எட்டு ஆண்டுகளாக என் வீட்டில் இருப்பது இந்த வகைதான். ஆனால் மற்ற டிஸ்கஸ் மீன்களைப் பற்றிப் படித்ததை அப்படியே இதற்குப் பொருத்திவிடாதீர்கள்.

அமேசான் காட்டு டிஸ்கஸ் மீனின் உடலில் செங்குத்தாக ஒன்பது கறுப்புப் பட்டைகள் உண்டு. மீன் மிரண்டாலோ நீர் கெட்டாலோ அவை கறுத்து எழும்பும். நிம்மதி வந்தால் மங்கும். வளர்ப்பவருக்கு அதுதான் நாடித்துடிப்பு. தாய்லாந்தில் உருவாகி, 1991இல் சிங்கப்பூர் அக்வாராமா அலங்கார மீன் கண்காட்சியில் அறிமுகமான பிஜியன் பிளட்டில் அந்தப் பட்டைகளே கிடையாது. அதனால்தான் ஆரஞ்சும் சிவப்பும் அப்படிப் பளிச்சிடுகின்றன. அதனால்தான் உடம்புக்கு முடியாதபோதும் அது அழகாகவே தெரியும்.

ஆகவே நிறத்தை நம்பாமல் தீனியைப் பாருங்கள். கடையில் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு வரும் மீனை எடுங்கள். மூலையில் ஒதுங்கி நிற்பதும், வெள்ளை நூல்போலக் கழிவதும் வேண்டாம். உடல் சிறுத்துக் கண் மட்டும் பெரிதாக இருந்தால் அது வளர்ச்சி குன்றிய மீன். ஐந்து சென்டிமீட்டர்க் குட்டி முழு வளர்ந்த மீனைப்போலச் சிவந்திருந்தால் ஹார்மோன் கொடுத்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டாக வாங்கினால் வலியது எளியதைத் தின்னவே விடாது. ஆறு குட்டிகளாவது வேண்டும். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் தொட்டி 250 லிட்டருக்குக் குறையக் கூடாது. நீர் 28 முதல் 30 டிகிரி. மார்கழி இரவுகளில் சென்னையிலும் ஹீட்டர் தேவைப்படும். குட்டிப் பருவத்தில் தினமும் கால் பங்கு நீரை மாற்றுவேன். குழாய் நீரை ஒருநாள் முன்பே பிடித்து, காற்று ஓடவிட்டு, குளோரின் போன பிறகே ஊற்றுவேன். இதற்கு நேரம் இல்லாதவர் டிஸ்கஸ் வாங்குவதை ஒத்திப்போடுவது நல்லது.

கடைகளில் பலர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வகையின் உடலில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் வரும். பரம்பரையும் காரணம், சுற்றுப்புறமும் காரணம். முதலில் என் தொட்டியின் பின்புறம் கறுப்புத் தாள், அடியில் கருங்கல். இரண்டே மாதத்தில் முகமெல்லாம் புகை படிந்ததுபோல ஆகிவிட்டது. தாளை வெளிர்நீலமாக மாற்றினேன், கல்லை அள்ளி எடுத்தேன். சில வாரங்களில் புள்ளிகள் பாதிக்குமேல் மங்கின.

இனப்பெருக்கம் வரை போவீர்களானால் இதையும் கேளுங்கள். டிஸ்கஸ் குஞ்சுகளின் முதல் உணவு பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பான படலம். குஞ்சு நீந்தத் தொடங்கும் வேளையில் மற்ற வகைப் பெற்றோர் கறுத்துவிடும். குஞ்சுகள் கறுப்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பிஜியன் பிளட்டால் கறுக்க முடியாது. என் முதல் ஜோடியின் குஞ்சுகள் அத்தனையும் தாயை விட்டுவிட்டு, கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மொய்த்தன. அதில் உணவு ஏது? தாய் பக்கத்திலேயே நின்றது. மூன்றாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அடுத்த முறை முட்டை பொரிந்ததும் ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு காற்றுக் குமிழி விடும் ஒரு காற்றுக்கல்லை மட்டும் விட்டேன். பெற்றோரின் முதுகுக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்கும்படி நீரைக் குறைத்தேன். நீந்தத் தொடங்கிய நாள் காலையில் பார்த்தால் குஞ்சுகள் தகப்பனின் விலாவில் கடுகு சிதறியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. அது உடலை ஒரு குலுக்குக் குலுக்கியதும் மொத்தக் கூட்டமும் தாயின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.