பூசணம் பிடித்த புல்லைக் காயவைத்துக் குதிரைக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். தோப்பில் திறந்தவெளியில் நிற்கும் உங்கள் இரண்டு குதிரைகளுக்காக வாங்கிய காய்ந்த புல்கட்டுகள் தார்ப்பாய்க்குள்ளேயே பூசணம் பிடித்துவிட்டன, காயவைத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். வெயிலில் ஈரம் போகும், பூசணத் தூள் போகாது. அதனால் இருமல் வரும், வயிற்றுவலியும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, பாவம்.

அடிக்கட்டுதான் முதலில் கறுத்தது என்றால் ஈரம் தரையிலிருந்து ஏறியிருக்கிறது. மரப் பேலட் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். மேலே சரிவாகப் போட்டு, பக்கவாட்டில் காற்று போக வழி விடுங்கள். அப்புறம், புதுக் கட்டு வந்ததும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வாங்காதீர்கள். சரியாகக் காயாத புல் அடுக்கிலேயே சூடேறித் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு.

அளவு என்றால், 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 7 கிலோ, பல வேளையாகப் பிரித்து. வெறும் மணல் தரையில் போட வேண்டாம், புல்லோடு மணலும் குடலில் சேரும். அகலமான தொட்டி போதும்.

ஒன்று ஏற்கெனவே இருமுகிறது என்றீர்களே, அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நல்ல புல்லைத் தண்ணீரில் நனைத்து உடனே கொடுங்கள்.