மச்சில் எத்தனை நெல் மூட்டை அடுக்கலாம்?

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீட்டு மர மச்சில் நெல் அடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, வீட்டு அறைத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைக்கிறது. 75 கிலோ மூட்டையைப் படுக்கவைத்தால் சுமார் அரை சதுர மீட்டர் பிடிக்கும். ஆக ஓர் அடுக்கே சதுர மீட்டருக்கு 150 கிலோ. இரண்டாவது அடுக்கு வரம்பைத் தாண்டிவிடும்.

இதுகூட இன்றைய கணக்கில் கட்டிய தளத்துக்குத்தான். பழைய மச்சில் உத்தரத்தின் நிலைதான் எல்லாம். முக்கியமாக, அது சுவருக்குள் புகும் முனை! ஈரமும் கறையானும் அங்கேதான் சேரும், வெளியே தெரியாது. தட்டினால் பொத்தென்று கேட்கிறதா, ஆணி சுலபமாக இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒரு மூட்டைகூட வேண்டாம். உத்தரம் நடுவில் தொய்ந்திருந்தாலும் தச்சரையோ பொறியாளரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால், சரி, சுவரோரமாக ஒரே அடுக்கு வையுங்கள்.