கேமரா கைக்கு வந்த வயது

கேள்வி: புகைப்பட ஆர்வம் ஒருவருக்கு எப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது? நாற்பதுக்கு மேல் வந்தால் தாமதமா?

பதில்: பலருக்கு யாரோ கொடுத்த கேமராவில்தான் தொடங்குகிறது. அமெரிக்க இயற்கைக்காட்சிப் புகைப்படக்காரர் அன்சல் ஆடம்ஸுக்கு 1916இல், 14 வயதில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதிக்குப் போன குடும்பப் பயணத்தில் பெற்றோர் கோடாக் பிரௌனி என்ற எளிய பெட்டிக் கேமரா ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த மலைகளை அவர் கடைசிவரை விடவில்லை.

பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு மகளும் மருமகனும் கேமரா பரிசளித்தது 1863 டிசம்பரில். அப்போது அவருக்கு 48 வயது! கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. அம்மையார் நிலக்கரி அறையைப் படம் கழுவும் இருட்டறையாக்கினார், கோழிக்கூண்டை ஸ்டூடியோ ஆக்கினார். கோழிகளின் கருத்து பதிவாகவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவரே பதில்.

என்னைப் பிடித்தது கேமரா அல்ல, இருட்டறை. சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் ரசாயனத் தட்டில் மிதந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தலைமுடி, கருவிழி என்று கறுப்பெல்லாம் தெரிந்தது, அப்புறம்தான் கன்னமும் சிரிப்பும். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இப்போது போனில் படம் உடனே வந்துவிடுகிறது. பரவாயில்லை, அதிலேயே தொடங்குங்கள். வீட்டில் ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் எடுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் வித்தியாசம் தேடி மறுநாளும் ஜன்னலுக்குப் போனீர்களானால், சரி, ஒட்டிக்கொண்டுவிட்டது. புது லென்ஸ் விலை விசாரிக்கும் ஆசை வேறு வியாதி, அதற்குத் தனியாக எழுதுங்கள்.