ரோல் கழுவி வரும்வரை

அன்புள்ள ஆலோசகருக்கு,

நெருங்கிய நண்பனின் திருமண வரவேற்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. "படம் நீதான் எடுக்கணும், ஃபிலிம்லயே எடுடா" என்றான். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். வேறு யாரையும் அவன் ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை.

என்னிடம் இருப்பவை இரண்டு 35 எம்எம் மேனுவல் எஸ்எல்ஆர் கேமராக்கள், எஃப் 1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ்கள், ஒரு ஃபிளாஷ். பகலில் எடுக்கும் படங்கள் நன்றாகவே வருகின்றன. இரவில், கூடத்துக்குள், நடமாடும் ஆட்களை எடுத்துப் பழக்கமில்லை. சமீபத்தில் ஒரு ரோல் முழுவதும் வெறுமையாக வந்தது. ஃபிலிம் உள்ளே நகரவே இல்லை. அன்றிலிருந்து நடு இரவில் விழிப்பு வந்துவிடுகிறது. மறுத்தால் அவன் மனம் நோகும். எடுத்தால் அவனுடைய நாளைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். இது வெறும் பதற்றமா, நான் உண்மையிலேயே விலக வேண்டுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெறும் பதற்றம் என்று இதைத் தள்ளிவிட மாட்டேன். திரையில் உடனே பார்க்க முடிந்தால் மனம் அங்கேயே அடங்கிவிடும். ஃபிலிமில் பதில் வரப் பல நாளாகும். அந்த இடைவெளியை மனம் மோசமான கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கற்பனைக்குள் சோதித்துப் பார்க்கக்கூடிய பயமும் சோதிக்கவே முடியாத பயமும் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரிப்போம்.

வெறுமையாக வந்த ரோல் முதல் வகை. ஃபிலிமின் நுனி சுருட்டும் தண்டில் சரியாகப் பற்றாததே அதற்குக் காரணம். இரண்டு பக்கப் பற்களிலும் துளைகள் பொருந்திய பிறகே பின்மூடியை மூடுங்கள். ரீவைண்ட் கைப்பிடியை, இறுக்கம் தெரியும்வரை, மெதுவாகச் சுற்றித் தளர்வை எடுங்கள். பிறகு ஃபிலிமை நகர்த்தும் நெம்பை இழுக்கும்போது அந்தக் கைப்பிடியும் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. ரோல் மாட்டியதும் ஒருமுறை கவனமாக, அதன்பின் நெம்பை இழுக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் ஒரு பார்வை. இதற்கு மேல் சோதிக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சோதிப்பது பயத்தைத் தணிப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதை வளர்க்கும்.

விலகுவதா என்பதை நடு இரவில் முடிவு செய்ய வேண்டாம். ஒரு சோதனை ரோல் முடிவு செய்யட்டும். இந்த வாரமே, முடிந்தால் அதே கூடத்தில், விளக்குகள் எரியும் மாலை நேரத்தில், இரண்டு நண்பர்களை நடக்கவிட்டு, பேசவிட்டு எடுங்கள். 400 ஐஎஸ்ஓ ஃபிலிமில் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளி உணர்திறன்), ஓரளவு வெளிச்சமான கூடத்துக்கு எஃப் 2, 1/60 நொடி அளவில் தேவைப்படும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும். சிரமம் அங்கேதான். 1/60 நொடியில் உங்கள் கை அசையாவிட்டாலும் ஆடுகிறவர் படத்தில் கலங்கலாக விழுவார். எஃப் 2-இல், இரண்டு மீட்டர் தூரத்தில், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். முன்னே நிற்பவர் தெளிந்தால் பின்னே நிற்பவர் மங்குவார். ஒவ்வொரு படத்துக்கும் வைத்த எஃப் எண்ணையும் நொடியையும் தாளில் குறித்துவையுங்கள். இல்லையென்றால் ரோல் கழுவி வந்தபின் எது ஏன் தவறியது என்று தெரியாது.

என் பரிந்துரை: ஒரு கேமராவில் போர்ட்ரா 400 போன்ற கலர் நெகட்டிவும் ஃபிளாஷும், இன்னொன்றில் எச்பி5 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஃபிளாஷ் இல்லாமல், ஐஎஸ்ஓ டயலை 1600-இல் வைத்து முழு ரோலும். அதே வெளிச்சத்தில் எஃப் 2.8, 1/125 நொடி கிடைக்கும். மஞ்சள் விளக்கின் நிறமும் தொல்லை தராது. கழுவக் கொடுக்கும்போது "இரண்டு ஸ்டாப் புஷ்" என்று ரோலின் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி; புஷ் என்றால் குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டக் கூடுதல் நேரம் கழுவுவது. எந்தக் கேமராவில் எது என்று பின்மூடியில் ஒட்டுங்கள். 1600-இல் வைத்த ஐஎஸ்ஓ டயலைத் திருப்பாமல் 400 ரோலை எடுத்துவிட்டாலும் பாழில்லை, அந்த ரோலையும் புஷ் செய்யச் சொல்லலாம்.

ஃபிளாஷில் தவறு மிக அமைதியாக நடக்கும். ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய மிக வேகமான ஷட்டர் வேகம், அதாவது ஒத்திசைவு வேகம், சில கேமராக்களில் 1/60, சிலவற்றில் 1/125; அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும், கழுவும்வரை தெரியவும் தெரியாது. ஷட்டர் டயலில் மின்னல் குறியோ எக்ஸ் குறியோ இருக்கும்; அங்கேயே நிறுத்துங்கள். ஃபிளாஷின் வலிமையைச் சொல்வது வழிகாட்டி எண். 100 ஐஎஸ்ஓ-வுக்கு மீட்டர் கணக்கில் அது 28 என்றால், 400-இல் 56 ஆகிறது. எஃப் 8-ஆல் வகுத்தால் ஏழு மீட்டர் எட்டும். இரண்டு வரிசையாக நிற்கும் குழுவுக்கு அந்த எஃப் 8 போதும். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சத்தை அதில் அடித்துத் திருப்புங்கள், முகங்கள் மென்மையாகும். அப்போது லென்ஸை இரண்டு ஸ்டாப்பாவது அதிகம் திறக்க வேண்டும். மர நிறக் கூரையாக இருந்தால் அந்த நிறமே முகத்தில் இறங்கும். மாற்று பேட்டரி ஒரு செட் பையில் இருக்கட்டும்.

வெள்ளை உடை கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்றும். அதைப் பார்த்து அளந்தால் படம் இருண்டுபோகும். முகத்துக்கு அருகே சென்று அளங்கள். சந்தேகமானால் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள், நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இனி சோதிக்க முடியாத பயம்: நண்பன் ஏமாறுவானா? இதற்கு மருந்து பேச்சு ஒன்றுதான். அவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதாக நினைத்துத் தவிக்கிறீர்கள். இன்றே சொல்லுங்கள்: "ஃபிலிம்ல சில ரோல் போகலாம்டா. குடும்பப் படங்களை வேற யாராவது டிஜிட்டல்லயும் எடுக்கட்டும். நான் எனக்குப் பிடிச்ச மாதிரி எடுக்கிறேன்." தவறக் கூடாத பத்துப் படங்களை அவனையே எழுதித் தரச் சொல்லுங்கள். எப்போது கையில் கிடைக்கும் என்றும் சொல்லிவிடுங்கள், நடுவில் வரும் "வந்துச்சா?" உங்களைக் குத்தாது.

சோதனை ரோல் மோசமாக வந்து, வேறு ஆளும் இல்லையென்றால், விலகுங்கள். அவன் வேறு ஏற்பாடு செய்ய அப்போதும் நேரம் இருக்கும். நன்றாக வந்தால் எட்டு ரோல் வாங்குங்கள். வரவேற்பு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவக் கொடுக்காமல், முதலில் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று மட்டும் கொடுங்கள். அவை சரியாக வந்தபின் மீதியைக் கொடுக்கலாம்.