முட்டை பொரிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்

கேள்வி: மதுரை அண்ணா நகரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். 2021-ல் கோவை நண்பர் ஒருவரிடம் ஒரு ஜோடி பால் பைத்தான் (Ball Python என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு) வாங்கினேன். ரசீது, பதிவு எதுவும் கிடையாது. போன மாதம் பெண் பாம்பு ஆறு முட்டை இட்டது, இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன். குட்டிகளை விலைக்குக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ வனத்துறையில் புகார் கொடுப்பேன் என்கிறார். என் மேல் வழக்கு வருமா?

பதில்: முதலில், குட்டிகளை விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

"ஃபாரின் பாம்புக்கு நம்ம ஊரில் சட்டம் இல்லை" என்று நண்பர் சொல்லியிருப்பார். நீங்கள் வாங்கிய 2021-ல் அதில் ஓரளவு உண்மை இருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 அப்போது நம் நாட்டு உயிரினங்களைத்தான் முக்கியமாகப் பார்த்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அது 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டீஸ் (CITES) என்ற, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த உங்கள் பால் பைத்தானும் அதில் அடக்கம். 49-எம் பிரிவுப்படி வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினாலும், குட்டி பிறந்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம், அதாவது ஆகஸ்ட் வரை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அந்தக் கெடுவைத் தவறவிட்டீர்கள். உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் அதுதான், முட்டை அல்ல. இனப்பெருக்கம் செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 49-என் பிரிவின் உரிமம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்புப் பட்டியலில் (Appendix I) உள்ள இனங்களுக்குத்தான். பால் பைத்தான் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. ஆனால் தாய் தகப்பனுக்கே பதிவு இல்லாதபோது குட்டிகளுக்கு எந்தக் கணக்கைக் காட்டுவீர்கள்? வாங்குகிறவரும் சேர்ந்து மாட்டுவார்.

வழக்கு வருமா என்றால், வரலாம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்த மாத்திரத்தில் நீதிமன்றம் வழக்கை எடுத்துவிடாது. 55-ஆம் பிரிவுப்படி அதிகாரம் பெற்ற அதிகாரியின் புகார் வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரே 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வர வேண்டும். 54-ஆம் பிரிவில் பணம் கட்டி முடித்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதற்குச் சம்மதிப்பது அதிகாரியின் கையில்.

பால் பைத்தான் முட்டை பொரிய ஏறக்குறைய 55 முதல் 60 நாள் ஆகும். உங்களிடம் ஒரு மாதம்தான் மிச்சம். அதற்குள் ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு, எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதி, தாமதத்துக்கு விளக்கத்தோடு விண்ணப்பியுங்கள். அதன் நகலை மதுரை மாவட்ட வன அலுவலருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பாம்புகளைப் பறிமுதல் செய்ய மாட்டார்கள் என்று நான் உறுதி கூற முடியாது. ஆனால் நீங்களாகப் போய்ச் சொன்னதற்கும், சோதனையில் பிடிபட்டதற்கும் நீதிபதியின் முன் பெரிய வித்தியாசம் இருக்கும். அதிகாரி வாக்குமூலம் கேட்டால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உதவி வனப் பாதுகாவலருக்குக் குறையாத அதிகாரி, உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னால் விசாரணையில் செல்லும்.

ஒவ்வொரு பாம்பையும் மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, தலையை நெருக்கத்தில் என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். உடலில் உள்ள திட்டுகள் ஒரு பாம்புக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. நாளை அடையாளம் காட்ட அதுதான் உதவும். நம் ஊர் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு. உங்களுடையது அதுவல்ல என்பது முதல் நாளிலேயே தெளிவாக வேண்டும்.

பயத்தில் பாம்பை அழகர்மலைப் பக்கமோ வைகைக் கரையிலோ விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்கப் பாம்பு அங்கே பிழைக்காமல் போகலாம். பிழைத்தால் அங்கிருக்கும் உயிர்களுக்குக் கேடு. மறுபடி இணை சேராதபடி ஆணையும் பெண்ணையும் இப்போதே தனித்தனிப் பெட்டியில் பிரித்து வையுங்கள்.

அப்புறம், ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியின் பூட்டைக் காட்டுங்கள். இது விஷமில்லாத பாம்பு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர் பயப்படுவதில் தவறே இல்லை.