ஜெர்மனில் கல்யாணப் பேச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்னையில் கோத்தே பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதப் போகிறேன். பேச்சுத் தேர்வில் 'கல்யாணம் அவசியமா, சேர்ந்து வாழ்ந்தால் போதாதா' என்ற மாதிரி தலைப்பு வந்தால் பயமாக இருக்கிறது. பெரியவர்கள் பார்த்து வைக்கும் கல்யாணம்தான் நல்லது என்பது என் கருத்து. அப்படியே சொன்னால் மதிப்பெண் குறையுமா?
– வாசகி, மதுரை

பதில்: குறையாது. உங்கள் கருத்து சரியா தவறா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை, அதைக் காரணத்தோடு, புரிகிற மாதிரி சொல்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்று நினைத்து நம்பாத கருத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், அடுத்து ஒரு கேள்வி கேட்டதும் திணறிவிடுவீர்கள். சொந்த அனுபவம், நம் நாட்டு நிலைமை, நன்மை தீமை, கடைசியில் உங்கள் கருத்து என்று, தலைப்பைப் பற்றிப் பேசும் அந்தப் பகுதியே உங்களுக்கு வசதியாகத்தான் அமைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கட்டாயக் கல்யாணம் ஜெர்மனியில் 2011 முதல் தனிக் குற்றம். 'அப்பா அம்மா முடிவு செய்தார்கள்' என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் மனம் அங்கேதான் போகும். அதனால் சம்மதம் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'உன்ஸரெ எல்ட்டர்ன் ஹாபன் ஈன் ஃபோர்கெஷ்லாகன், உண்ட் மைனெ ஷ்வெஸ்டர் ஹாட் யா கெஸாக்ட்.' அப்பா அம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்கள், அக்கா சரி என்றாள். இது போதும்.

வாக்கியத்துக்கும் பயப்பட வேண்டாம். 'இஷ் ஃபிண்டெ, தஸ்' என்று தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு அது கஷ்டமே இல்லை: 'இஷ் ஃபிண்டெ, தஸ் மன் நிஷ்ட் வேகன் டேர் ஷ்டொயர் ஹைராட்டன் ஸோல்ட்டெ', அதாவது வரி மிச்சமாகும் என்பதற்காகக் கல்யாணம் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் 'மைனர் மைனுங் நாஹ்' (என் கருத்துப்படி) என்று தொடங்கினால் வினை உடனே அடுத்து வந்துவிட வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், இதைத்தான் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் சாப்பிடும்போது, 'கல்யாணம் வெறும் காகிதம்' என்று உடன் வேலை செய்பவர்கள் பேசுகிறார்கள். மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று சும்மா இருந்துவிடுகிறேன்.
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: தாராளமாக மறுக்கலாம். 'தாஸ் ஸேஹெ இஷ் ஆண்டர்ஸ்', நான் அப்படிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அங்கே யாரும் கோபப்பட மாட்டார்கள், ஏன் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திருங்கள். அந்தக் காகிதத்துக்கு அவர்கள் நாட்டுச் சட்டத்திலேயே நிறைய மதிப்பு இருக்கிறது. கணவனோ மனைவியோ இறந்தால் மற்றவருக்கு வரும் சொத்தில் 5 லட்சம் யூரோ வரை வாரிசு வரி கிடையாது, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கு அந்த விலக்கு 20,000 யூரோதான். ஒருவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால், சிகிச்சை பற்றி முடிவெடுக்க 2023 முதல் கணவன் அல்லது மனைவிக்கு ஆறு மாதம் வரை சட்டப்படி உரிமை உண்டு, கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் துணைக்கு, தனியாக எழுதி வைத்தால் தவிர அது இல்லை.

அப்புறம், அவர்கள் பக்கத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். கணவன், மனைவி இருவர் வருமானத்தையும் கூட்டி, ஆளுக்குப் பாதி என்று வைத்து வரி போடும் முறை அங்கே 1958 முதல் இருக்கிறது. ஒருவர் நிறையவும் மற்றவர் குறைவாகவும் சம்பாதித்தால்தான் அதில் லாபம். இதனாலேயே பெண்கள் பகுதி நேர வேலையோடு நின்றுவிடுகிறார்கள் என்ற கோபம் பலருக்கு உண்டு, எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. வீட்டு வேலை மனைவியின் பொறுப்பு என்று மேற்கு ஜெர்மனியில் சட்டமே 1977 வரை சொன்னது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

கேள்வி: 'அவரோடு கல்யாணம்' என்பதற்கு 'மிட்' (உடன்) போடலாமா?
– வாசகி, கோவை

பதில்: கல்யாணம் செய்கிறேன் என்றால் கூடாது, 'இஷ் ஹைராட்டெ ஈன்' மட்டும்தான். ஏற்கனவே கல்யாணம் ஆகிவிட்டது என்றால் 'இஷ் பின் மிட் ஈம் ஃபெர்ஹைராட்டெட்', இங்கே 'மிட்' கட்டாயம் வேண்டும்.