மைக்ரோ ஆர்என்ஏ நல்லதா, கெட்டதா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். தசை வரை போகவில்லையாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும் என்கிறார்கள். அப்பா பயப்படுகிறார். சிறுநீரில் மைக்ரோ ஆர்என்ஏ பார்த்தாலே போதும் என்று படித்தேன். ஒரு கட்டுரை அது புற்றுநோயைப் பரப்பும் என்கிறது, இன்னொன்று தடுக்கும் என்கிறது. எதை நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் உண்மைதான். மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். நம் உடலில் பல நூறு வகை உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 22 எழுத்து, அதாவது வேதி அலகு, நீளம். புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் தூது ஆர்என்ஏயில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வேலையை நிறுத்துவதே இவற்றின் தொழில். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டது இது. 2024-ல் நோபல் கிடைத்தது.

ஆகவே யாருடைய வாயை அடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மிர்-21 (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏவின் சுருக்கம்) அடக்குவது, செல் கண்டபடி பெருகாமல் காக்கும் பிடென் போன்ற மரபணுக்களை. அது மிகுந்தால் கட்டிக்குக் கொண்டாட்டம்.

மிர்-200 கதை வேறு. சிறுநீர்ப்பையின் உள்சுவரில் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால். செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி. அந்தச் சாந்து உற்பத்தியை நிறுத்துவது செப்-1 என்ற இன்னொரு புரதம். செப்-1-ஐ அடக்கி வைத்திருப்பது மிர்-200. இது குறைந்தால் செப்-1 தலைதூக்கும், சாந்து உதிரும், செல் பிடி விட்டுத் தசைக்குள் இறங்கும். சரி, மிர்-200 நல்லது என்று முடிவு கட்டலாமா? மார்பகப் புற்றுநோயை வைத்து எலிகளில் செய்த ஆய்வுகளில், மிர்-200 நிறைந்த செல்களே புது இடத்தில் நன்றாக வேர் பிடித்தன. கிளம்பும்போது தடை, குடியேறும்போது துணை!

இப்போது அப்பா விஷயம். சிறுநீரில் இவற்றை அளக்க முடியும். ஆனால் எந்தெந்த மைக்ரோ ஆர்என்ஏக்களை நம்புவது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் மாறுகிறது. சிறுநீரில் கொஞ்சம் இரத்தம் கலந்தாலும் இரத்த அணுக்களில் உள்ளவையும் சேர்ந்து வந்து கணக்கைக் குழப்பும். சிஸ்டோஸ்கோப்பிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் சுபாவம் உள்ளது. தயவுசெய்து ஒரு முறைகூடத் தவற விடாதீர்கள்.

என் சித்தப்பாவோடு நான் போயிருக்கிறேன். மரத்துப்போகும் ஜெல் வைத்து, வளையும் மெல்லிய குழாயை விட்டார்கள். சில நிமிடம்தான். திரையில் இளஞ்சிவப்புச் சுவரும் மெல்லிய இரத்தக் குழாய்களும் தெரிய, சித்தப்பா வலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் திரை தெரிகிற மாதிரி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

அப்புறம், அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.